எண்டர் பொத்தானில் பலாப்பிசின்

அடியே,

இன்றைக்குக் காலையிலும் எண்டர் பொத்தான் ஒட்டிக்கொண்டது. அமுக்கினால் உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. நகத்தை விட்டுக் கிளப்பினால்தான் மேலே வருகிறது. மழைக்காலம் முழுக்க நல்ல பிள்ளையாக இருக்கும். வெயில் ஏறி, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மலைப் பலாவை இறக்கி அடுக்கத் தொடங்கினார்களோ இல்லையோ, நீ வைத்துவிட்டுப் போன பிசின் இளகிவிடுகிறது. சுளை உரித்த கையோடு என் லேப்டாப்பில் உட்காராதே என்று எத்தனை முறை கத்தியிருப்பேன். "தொடச்சிட்டன்டி, இன்னும் இன்னா?" என்பாய். துப்பட்டாவில் துடைத்தால் பலாப்பிசின் போகுமா? மலையில் பிறந்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். என் பொருள் என்றால் உனக்கு ஒரு இளக்காரம்.

இன்றைக்கு ஒரு முடிவு கட்டிவிடுவது என்று வீட்டிலிருந்து தேங்காய் எண்ணெய் பாட்டிலும் பஞ்சும் நம் மாடி ஆபீஸுக்குக் கொண்டுவந்தேன். மூடியைத் திறந்தபோது மாடிப்படியில் சாவிச் சத்தம் கேட்டது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பச்சை ரிப்பன் கட்டிய அந்த ஜீப் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு இந்தப் படியில் ஏறி வருகிற ஆள் நீ ஒருத்திதானே. எட்டிப் பார்த்தால், நான் அண்ணன் என்று கூப்பிடுகிற உன் வீட்டுக்காரர். அவருக்குச் சாவியைச் சுழற்றத் தெரியவில்லை, கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"ஸ்தோத்திரம் சிஸ்டர். ஒரு வேலையா வந்தன்" என்று நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "ஆப்புல அவ பேரு இன்னும் அப்படியே இருக்குது. மலையிலருந்து போன் வந்துகினே இருக்குது. 'அக்கா, இன்னிக்கி வண்டி வருமா'ன்றாங்க. எத்தினி பேருக்கு நான் வெவரம் சொல்றது? சொன்னா அவங்களும் அழுவறாங்க, எனக்கும் வண்டி ஓட்ட முடியல. வண்டிய இப்ப நான்தான் ஓட்டிக்கினு இருக்கறன். அவ பேர எடுத்துடுங்க."

எடுத்துடுங்க என்று அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். எந்த ஜீப் எப்போது வரும் என்று சொல்ல நாம் இரண்டு பேரும் சேர்ந்து கட்டிய ஆப்பில் முதல் வண்டி உன்னுடையது, ஒன்றாம் எண். அந்த வரியை டெலீட் செய்தால் உன் வண்டியில் போனவர்கள் உன்னைப் பற்றி எழுதிய கருத்தெல்லாம் சேர்ந்து போய்விடும். அதற்குப் பதிலாக அப்டேட் செய்தால், பெயரையும் நம்பரையும் மட்டும் அண்ணனுடையதாக மாற்றிவிட்டால், ஒன்றாம் எண் பிழைக்கும், கருத்துகளும் பிழைக்கும். இரண்டாவதைச் செய்யத்தான் என் கை பரபரத்தது. அண்ணனுக்கு ஒரு டீ சொல்லிவிட்டு யோசிக்க நேரம் வாங்கிக்கொண்டேன்.

நீ சென்னைக் கம்பெனி வேலையை உதறிவிட்டு வந்து பழைய ஜீப் ஒன்றை வாங்கிக் கல்வராயன் மலைக்கு ஓட்டப்போகிறேன் என்றபோது, திட்டியவர்களில் முதல் ஆள் நான்தான். "பைத்தான் எழுதின கை ஸ்டியரிங் புடிச்சா ஒடஞ்சிடுமா?" என்றாய். உடையவில்லை. கச்சிராயபாளையத்துக் கூட்டுரோட்டில் மூட்டையோடும் பிள்ளையோடும் ஜனங்கள் எந்த வண்டி எப்போது வரும் என்று தெரியாமல் காய்ந்துகொண்டிருப்பதைத் தினமும் பார்த்துவிட்டு வந்து, ஒருநாள் என் மேசையைத் தட்டினாய். "ஒரு சின்ன ஆப்பு போடலாம்டி. எந்த வண்டி, எத்தினி மணிக்கு, எத்தினி சீட்டு. அவ்ளோதான்." அவ்வளவுதான் என்று நீ சொன்ன எதுவும் அவ்வளவோடு முடிந்ததில்லை.

ஆப்புக்குப் பின்னால் உட்கார்ந்து பதில் சொல்லும் சர்வர் பகுதியைப் பைத்தான் என்கிற கணினி மொழியில் எழுதினோம். வண்டியைச் சேர்ப்பது, பார்ப்பது இரண்டும் ஒரே மத்தியானத்தில் முடிந்துவிட்டன. மாற்றுவதிலும் எடுப்பதிலும்தான் நாம் அடித்துக்கொண்டோம். கீழே பேன்சி ஸ்டோர்க்காரர் மேலே வந்து, "இன்னாம்மா, ரெண்டு பேருக்கும் சொத்துத் தகராறா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

முதல் சண்டை அப்டேட்டில். ஒரு வண்டியின் விவரத்தை மாற்ற வேண்டும் என்றால் முழு விவரத்தையும் திரும்ப அனுப்ப வேண்டும், வந்ததை அப்படியே பழையதன் இடத்தில் வைத்துவிடுவோம் என்று நான் எழுதினேன். புட் என்கிற அந்தக் கட்டளைக்கு அதுதான் முறை. அந்த வாரமே ஒரு ஜீப்காரர் ஐந்து மணியை ஆறு மணி ஆக்கினார். நேரத்தை மட்டும்தான் அனுப்பினார். பெயர், ஊர், சீட்டு எல்லாம் காலியாகி, வெறும் ஆறு மணி மட்டும் திரையில் நின்றது. வெள்ளிமலையில் பேரே இல்லாத வண்டி ஒன்று ஆறு மணிக்கு வருகிறதாம் என்று பேச்சாகி, அதில் ஏறப் பயந்துகொண்டு ஒருவரும் வரவில்லை.

"முழுசா அனுப்பாதது அவர் தப்பு" என்றேன் நான். நீ விடவில்லை. "டீக்கடையில சக்கர கம்மின்னு சொன்னா சக்கரதான் போடுவான். டீயக் கீழ ஊத்திட்டு, இன்னா வேணும்னு மொதல்லருந்து சொல்லுன்னு கேட்டா அவன் கடையில எவன் குடிப்பான்?" என்றாய். சிரிப்பை அடக்கிக்கொண்டு அதைப் பேட்ச் என்கிற வேறு கட்டளை ஆக்கினேன். வந்ததை மட்டும் மாற்று, மற்றதை விட்டுவிடு. அதிலும் நீ ஒரு முடிச்சு போட்டாய். திரும்பிவரும் நேரத்தை ஒருவர் வேண்டுமென்றே காலியாக அனுப்பினால், இன்றைக்குத் திரும்பி வரமாட்டேன் என்று அர்த்தம். அந்த நேரத்தைப் பற்றி ஒன்றுமே அனுப்பாவிட்டால், பழைய நேரம் அப்படியே என்று அர்த்தம். அலட்சியமாக எழுதினால் பைத்தானுக்கு இரண்டும் ஒரே வெறுமையாகத்தான் தெரியும். இரண்டையும் பிரித்துக் காட்டும்வரை நீ என்னைச் சாப்பிட விடவில்லை. "சொல்லாததத் தொடாதடி" என்பாய். "காலின்னு சொன்னா, அதுவும் சொன்னதுதான்." இப்போது நான் வேலை பார்க்கிற இடத்தில் புதிதாகச் சேருகிறவர்களிடம் இதையே நல்ல தமிழில் சொல்லி நல்ல பெயர் வாங்கிக்கொண்டிருக்கிறேன். உன் பங்கு எதுவும் தருவதாக இல்லை.

டெலீட்டில் சறுக்கியது நீ. அதுவும் மலைக்காரி நீ! போன் நம்பரைச் சொன்னால் ஆளைக் கண்டுபிடித்து எடுத்துவிடும்படி எழுதினாய். உங்கள் ஊரில் சிக்னல் கிடைப்பது ஒரே ஒரு பலாமரத்தடியில் என்பதும், அந்தக் கிளையில் மஞ்சள் பையில் ஒரு போனைத் தொங்கவிட்டு, போகிற வருகிற எவரும் எடுத்துப் பேசுவார்கள் என்பதும் உனக்குத் தெரியாதா? அந்த மரத்தடியில் வளர்ந்தவள்தானே நீ? அந்த ஊர் ஜீப்காரர்கள் மூன்று பேரும் மரத்துப் போன் நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள். அதில் ஒருவர் வண்டியை விற்றுவிட்டு, என் பேரை எடுங்கள் என்றார். நீ எடுத்தாய். மூன்று வண்டியும் போய்விட்டது.

மறுநாள் சங்கராபுரத்தில் ஒரு நிச்சயதார்த்தம். பெண் வீட்டார் ஆப்பில் பார்த்திருக்கிறார்கள், பேசிவைத்த வண்டியைக் காணவில்லை. ஆள் ஏமாற்றிவிட்டார் என்று வேறு வேனைப் பிடித்து இறங்கிவிட்டார்கள். விற்காத இரண்டு பேரில் ஒருவரான அந்த ஜீப்காரரோ வண்டியைக் கழுவி, மாலை போட்டு, வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். மரத்தடிக்குப் போய் நமக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் வைத்தாய். "இன்னா பாப்பா, என் பேரயே காணம்ன்றாங்க? நான் இன்னா செத்தா பூட்டன்?" என்றார். நீ வாயைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்ச் சிரித்தாய். மன்னிப்புக் கேட்டது நான். அடுத்த வாரத்துக் கல்யாணத்துக்கு அவர் வண்டியையே பேசிக்கொடுத்து ஒருவழியாகச் சமாதானம் செய்தோம். அன்றைக்குத்தான் வண்டிக்கு வண்டி தனி எண் கொடுத்தோம். நீ சொல்லாமல் கொள்ளாமல் ஒன்றாம் எண்ணை எடுத்துக்கொண்டாய்.

அப்புறம் அந்தப் பதில் விஷயம். ஒருவரை எடுத்த பிறகு சர்வர் எதுவும் பேச வேண்டியதில்லை, முடிந்தது என்பதற்கு ஒரு குறியெண் அனுப்பினால் போதும், உள்ளே ஒரு வார்த்தையும் வேண்டாம் என்றேன். உலகத்தில் பாதிப் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள். "வேலைய முடிச்சிட்டு உம்முன்னு நிக்கிறதுக்கு அது இன்னா எங்க மாமியாரா?" என்று கேட்டுவிட்டு, ஆளின் பெயரைச் சொல்லி வரும்படி நீயே எழுதினாய்: 'எடுத்தாச்சுங்க. போய்ட்டு வாங்க.'

எனக்குக் கோபம் வந்தது. எடுத்தாச்சு என்றால் போயாச்சு, அப்புறம் எங்கிருந்து வருவது என்று கேட்டேன். நீ என்னை ஏற இறங்கப் பார்த்தாய். "ஒருத்தரு கெளம்பறாருன்னா போன்னு சொல்லுவியா? உங்க வூட்ல அப்படித்தான் அனுப்புவீங்களா?" என்றாய். எங்கள் வீட்டிலும் அப்படி அனுப்புவதில்லை. அதோடாவது விட்டாயா? மலை வளைவில் பாதியில் சிக்னல் போய்விடும். எடுத்தது தெரியாமல் மறுபடி மறுபடி அமுக்குவார்கள். இரண்டாம் தடவை 'அப்படி யாரும் இல்லை' என்று பதில் போகக்கூடாது என்றாய். "நேத்து வரைக்கும் நம்ம கூட இருந்தவங்கள இன்னிக்கி நீ யாருன்னு கேட்டா மனசு நோவாதா? பத்து தரம் கேட்டாலும் அதே வார்த்தயச் சொல்லட்டும்." எடுக்க இனிப் பெயர் இல்லாததால் இரண்டாம் தடவையிலிருந்து வெறும் 'போய்ட்டு வாங்க' மட்டும் வரும். அப்படியே விட்டுவைத்தேன்.

கழுத்தில் அந்தக் கட்டி வந்து, பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்தபோது, தினம் காலையில் உன் வரியில் ஒரு அப்டேட் வரும். 'இன்று ஓடாது.' அந்த ஒன்றை மட்டும்தான் அனுப்புவாய், மற்றதைத் தொடமாட்டாய். நான் பல் விளக்குவதற்கு முன்னால் அதைத்தான் பார்ப்பேன். 'இன்று ஓடாது' என்று வந்துவிட்டால் எனக்கு அவ்வளவு நிம்மதி. ஊரில் வேறு எந்த வண்டி ஓடவில்லை என்பதற்கும் நான் இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. பிறகு ஒரு காலையில் ஒன்றும் வரவில்லை. கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் ஆளுக்கொரு பிடி மண் போட்டு ஏதோ ஒரு வார்த்தை சொன்னார்கள். எனக்கு என்ன சொல்வது என்றே தெரியவில்லை. மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், கடைசியில் அண்ணன்தான் என் கையைப் பிடித்துப் போடவைத்தார்.

டீ வந்தது. அண்ணன் ஊதிக் குடித்தார். நான் மெதுவாக ஆரம்பித்தேன்.

"அண்ணா, எடுக்க வேணாம். பேரயும் நம்பரயும் மட்டும் உங்களுதா மாத்திடறன். அவளப் பத்தி எழுதினதெல்லாம் அப்படியே இருக்கும்."

"எழுதினாங்களா? இன்னா எழுதினாங்க?"

அவர் அதைப் பார்த்ததே இல்லையாம். திரையைத் திருப்பி வைத்துப் படித்துக் காட்டினேன். 'அக்கா பாட்டு ஜாஸ்தி. ஆனா வண்டி குலுங்காது.' 'மூட்டைக்கு எடம் குடுக்குறாங்க. ஆளுக்குத்தான் எடம் கம்மி.' 'வளைவுல பேசாதீங்கன்னு நம்மள திட்டுறாங்க. அவங்க மட்டும் பேசிக்கினே ஓட்டுறாங்க.' அண்ணன் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த மனிதர் சிரித்து எவ்வளவு நாளாயிற்று.

"இத என் பேருல வெச்சா நல்லா இருக்குமா சிஸ்டர்?" என்று கேட்டார். "நான் எங்க பாடறன்? எனக்கு வளைவுல ஒடம்பே ஒதறுது. ஏறினவங்க பாட்டு எங்கன்னு கேப்பாங்க. எனக்கு ஒண்ணும் வேணாம். மொதல்லருந்து நானே நல்ல பேரு வாங்கிக்கறன்."

அப்படியே உன் வாய். ஜீப்பை இன்னொருவருக்கு விற்ற ஒருவரின் வரியில் புதிய ஆளின் பெயரைப் போட நான் போனபோது என் மணிக்கட்டைப் பிடித்தாயே, நினைவிருக்கிறதா? "ஆளு மாறிட்டா அது திருத்தம் இல்லடி, வேற ஆளு. வண்டிய வித்தா டயரு கூடப் போவும். நல்ல பேரு போவுமா?" என்றாய். அண்ணனுக்கு நீ இதைச் சொல்லியிருக்க மாட்டாய். சேர்ந்து வாழ்ந்ததில் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது.

"சரிண்ணா. ஆனா எழுதினத எல்லாம் தனியா எடுத்து வெக்கவா?" என்று கடைசியாக ஒரு முறை கேட்டுப் பார்த்தேன்.

"எதுக்கு சிஸ்டர்? தெனமும் வண்டியில ஏறிக்கினு இதயேதான் சொல்லிக்கினு வராங்க. எனக்கே மனப்பாடம் ஆய்டுச்சு."

அதற்கு மேல் எனக்கு வழியில்லை. முதலில் அண்ணனைப் புது வண்டியாகச் சேர்த்தேன். அவர் பெயர், அவர் நம்பர், கருத்துகள் ஒன்றுமில்லை. பிறகு ஒன்றாம் எண்ணைத் திறந்தேன். கடைசியாக நீ அனுப்பியது அப்படியே இருந்தது. 'இன்று ஓடாது.' அதைத் தாண்டி 'எடு' என்ற கட்டத்துக்குப் போய் எண்டரை அமுக்கினேன். நான் மவுஸைத் தொடமாட்டேன் என்பதுதான் உனக்குத் தெரியுமே.

உன் பெயரைச் சொல்லி, 'எடுத்தாச்சுங்க. போய்ட்டு வாங்க' என்று வந்தது. உன்னை நான் ஒருநாளும் வாங்க போங்க என்று கூப்பிட்டதில்லை. அதைப் படித்து முடிப்பதற்குள் கீழே இன்னொரு வரி வந்தது. 'போய்ட்டு வாங்க.' அதன் கீழே மறுபடியும் 'போய்ட்டு வாங்க.' அதன் கீழே மறுபடியும். எண்டர் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டிருந்தது. உன் பிசின் அதை விடவில்லை. திரை நிறைந்து மேலே ஓடியது, அப்படியும் நிற்கவில்லை.

அண்ணன் எட்டிப் பார்த்தார். "இன்னா சிஸ்டர், வுடாம சொல்லிக்கினே இருக்குது?"

"அவ எழுதினதுண்ணா" என்றேன். அழுதேன்டி. நடுவில் சிரிப்பும் வந்தது. கல்லறைத் தோட்டத்தில் மண்ணைப் பிடித்துக்கொண்டு எனக்கு வராத வார்த்தை இதுதான். உனக்கு நான் சொல்ல வேண்டியதை நீயே எழுதி வைத்து, நான் சண்டை போட்டும் அழிக்கவிடாமல் வைத்து, இன்றைக்கு என் கையாலேயே சொல்லவும் வைத்துவிட்டாய்.

நகத்தை விட்டுப் பொத்தானைக் கிளப்பினேன். திரை நின்றது. அண்ணன் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "போய்ட்டு வரன் சிஸ்டர். மத்தியானம் வெள்ளிமலைக்கி ட்ரிப்பு இருக்குது" என்றார். போய்ட்டு வாங்கண்ணா என்றேன். இந்த முறை வாய் தடுக்கவில்லை. கீழே உன் ஜீப் இரண்டு முறை இருமிவிட்டுக் கிளம்பியது. நீ இருந்தபோதும் இரண்டு முறை இருமும்.

மேசைமேல் எண்ணெய் பாட்டில் திறந்தே இருந்தது. மூடியைத் திருகி, பஞ்சோடு பைக்குள் போட்டுவிட்டேன். ஒட்டினால் ஒட்டிவிட்டுப் போகட்டும்டி, எனக்கு நகம் இருக்கிறது.